நெடும்பயண மோட்டார் சைக்கிள்: வன்னிக்கு எது வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

தமிழ்நாட்டின் ஓசூரில் டிவிஎஸ் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள கிளிநொச்சியிலிருந்து வான்வழியே அளந்தால் ஐந்நூறு கிலோமீற்றருக்குள் அடங்கும் தூரம். ஜேர்மனியின் பிஎம்டபிள்யூவுக்காக அங்கே தயாரிக்கப்பட்ட ஜி310 வகை மோட்டார் சைக்கிள்கள் 2017 இல் ஐரோப்பியக் கடைகளில் நின்றன. அவை செய்யப்பட்ட இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2018 ஜூலையில்தான். ஓசூர்த் தொழிலாளி பூட்டிய வண்டியை மியூனிக்கில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில், ஓசூரில் இருந்தவரால் அதை வாங்க முடியவில்லை. ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வண்டி பக்கத்தில் கிடைத்துவிடாது.

கண்டியிலிருந்து வன்னியூடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி போருக்குப் பின் அகலமாகிக் காப்பெற் இடப்பட்ட பிறகு, பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் இடையே நாட்டை நெடுக ஓடிப்பார்க்க விரும்பும் தெற்கு ஓட்டுநர்கள் வன்னியைக் கடந்து போகிறார்கள். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகும் வாகனம் அரிது. அந்தப் பெரிய வண்டிகளும் அங்கே நிற்கின்றன. இருபுறமும் பெட்டி, முன்னால் உயரமான காற்றுத் தடுப்பு, இருவர் நாள் முழுவதும் இருக்கக்கூடிய அகன்ற சீற். பக்கத்தில் கச்சான் வாங்க நிற்கும் உள்ளூர் இளைஞனின் வண்டி நூறு சிசி. இப்படியொரு வண்டி எங்கள் பக்கத்துக் காட்சியறைகளில் ஏன் இல்லை என்று அவன் கேட்டால், ‘அதற்கெல்லாம் இங்கே யாரிடம் காசு இருக்கிறது’ என்பதுதான் வழக்கமான பதில். அது பாதி உண்மை. மற்றப் பாதியைத் தேடினால் ஜப்பானின் சாரதி அனுமதிப்பத்திரச் சட்டத்துக்கும், இந்தியாவின் வரி அட்டவணைக்கும், கொழும்பில் ஒரு முகவர் எழுதும் கொள்வனவுக் கட்டளைக்கும் போக வேண்டியிருக்கிறது.

சட்டம் அளவெடுக்கும் இயந்திரம்

ஒரு வண்டியின் இயந்திரம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறியியலாளர் தீர்மானிக்கிறார் என்றே நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் அவருக்கு முன்பே சட்டம் அதைத் தீர்மானித்துவிடுகிறது. ஜப்பானில் நடுத்தர வகுப்பு அனுமதிப்பத்திரம் 400 சிசி வரைதான் செல்லும். 250 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளைக் குறித்த கால இடைவெளியில் செலவு மிகுந்த அரச பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். 250 சிசியிலும் 400 சிசியிலும் இத்தனை ஜப்பானிய மாதிரிகள் பிறந்ததற்கு இதுவே காரணம். அந்த நாட்டின் அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளில் இருவராகப் பயணம் செய்வதே 2005 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. உலகத்துக்கே நெடும்பயண வண்டி செய்து கொடுத்த நாட்டில், மனைவியைப் பின்னால் இருத்திக்கொண்டு அதிவேக வீதியில் ஒரு கணவர் போக முடியாத நிலை.

ஐரோப்பாவில் 2013 முதல் இடைநிலை அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் 35 கிலோவாற் வலுவுக்கு மேல் ஓட்ட முடியாது. அதே ஆண்டில் ஹொண்டா சிபி500எக்ஸ் என்ற பயண வண்டியை இறக்கியது. அதன் வலுவும் சரியாக 35 கிலோவாற். சிங்கப்பூரில் 200 சிசி, 400 சிசி, அதற்கு மேல் என்று படிகள் இருக்கின்றன; ஒவ்வொரு படிக்கும் ஏற்றபடி கடைகளில் வண்டிகள் நிற்கின்றன.

இலங்கையில் இந்தப் படிக்கட்டு இல்லை. நூறு சிசி வரை ஏ1, அதற்கு மேல் ஏ, அவ்வளவுதான். 125 சிசி வண்டிக்கும் 1250 சிசி வண்டிக்கும் அனுமதிப்பத்திரத்தில் ஒரே எழுத்து. இது சுதந்திரம்போலத் தோன்றினாலும் ஒரு விளைவு உண்டு: நடுத்தர அளவு வண்டியை வாங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் யாரையும் தள்ளுவதில்லை. ஆகவே அந்த நடுத்தர இடத்தை நிரப்பவேண்டிய அவசரமும் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. பெரிய வண்டிக்கோ வேறொரு தடை. 2011 இல் தெற்கு அதிவேக வீதி திறக்கப்பட்டது. அதிலும் அதன்பின் வந்த அதிவேக வீதிகளிலும் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. ஜேர்மன் நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீற்றரில் நாள் முழுவதும் ஓடுவதற்காகக் காற்றுத் தடுப்பும் பெரிய இயந்திரமும் பொருத்தப்பட்ட வண்டிக்கு இங்கே அதன் வேலையே இல்லை. ஏ9 வீதியில் மாங்குளத்துக்கு அண்மையில் மாடு குறுக்கே வரும். எந்த வேகத்தில் போனாலும் பிரேக் பிடித்தே ஆகவேண்டும்.

சட்டத்தோடு வரியும் சேர்ந்துகொள்கிறது. 1983 இல் ஹார்லி டேவிட்சனைக் காப்பாற்ற அமெரிக்க அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்களுக்கு 45 சதவீத மேலதிக வரி விதித்தது. ஜப்பானிய நிறுவனங்கள் 750 சிசி வண்டிகளின் இயந்திரத்தைச் சற்றுச் சுருக்கி, 700 சிசிக்குச் சற்றுக் குறைவாக்கி அனுப்பின. நெடும்பயண வண்டிகளில் தலையாயதான ஹொண்டா கோல்ட்விங் அந்த வரிக்கு அஞ்சவில்லை. 1980 முதல் அது ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் தயாராகிக்கொண்டிருந்தது. அமெரிக்கரின் அகன்ற வீதிகளை நினைத்தே வளர்ந்த வண்டி, அமெரிக்க மண்ணிலேயே செய்யப்பட்டது. அந்த நாட்டுக்கு எதை விற்பது என்பதையும் எங்கே செய்வது என்பதையும் ஹொண்டா ஒன்றாகவே யோசித்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

புகை விதிகளின் கதை இன்னும் கடுமையானது. ஒரு மாதிரியை ஒரு நாட்டின் புகை, ஒலி, பிரேக் விதிகளுக்கு ஏற்பச் சோதித்துச் சான்று பெறும் செலவு, பத்து வண்டி விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் ஏறக்குறைய ஒன்றே. குறைவாக விற்கும் வண்டியில் அந்தச் செலவு ஒவ்வொன்றின் தலையிலும் பெரிதாக ஏறும். நெடும்பயண வண்டிகள் எப்போதும் குறைவாகத்தான் விற்கும். கவசாகியின் 1400ஜிடிஆர், யூரோ 4 விதிகள் நடைமுறைக்கு வந்த காலத்தில் ஐரோப்பாவிலிருந்து விலகியது. அதே வண்டி கொன்கோர்ஸ் 14 என்ற பெயரில் அமெரிக்காவில் 2022 வரை விற்கப்பட்டது. வண்டியில் குறை ஏதுமில்லை. மாற்றியமைக்கும் செலவை மீட்கும் அளவுக்கு ஐரோப்பாவில் வாங்குவோர் இருக்கமாட்டார்கள் என்று கணக்கு சொல்லியது.

ஒரே பெயர், இரண்டு வண்டி

இதனால் ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வண்டிகள் உலவுகின்றன. சுசுகியின் வி-ஸ்ட்ரோம் 250 என்று ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது சீனாவில் தயாரான இரட்டைச் சிலிண்டர் வண்டி. 2022 இல் இந்தியாவில் வெளியான வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் ஒற்றைச் சிலிண்டர். எடை குறைவு, விலையும் குறைவு, தரையிலிருந்து உயரம் அதிகம். 2023 இல் ஜப்பானுக்கே இந்த இந்திய வண்டியும் போய்ச் சேர்ந்தது. ஹொண்டா 2021 இல் இந்தோனேசியாவுக்கு சிபி150எக்ஸ் கொடுத்தது. அதே ஆண்டில் இந்தியாவுக்கு சிபி200எக்ஸ். பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த இயந்திரத்தின் மேல் பயண வண்டியின் உடையை உடுத்தி உருவானது. புதிய இயந்திரம் செய்வதுதான் பெருஞ்செலவு. தொட்டியும் காற்றுத் தடுப்பும் சீற்றும் அவ்வளவு இல்லை.

பெயரைப் பார்த்து நிறுவனத்தின் நோக்கத்தை ஊகிக்கவும் முடியாது. ஹொண்டாவின் ஆபிரிக்கா ட்வின் 1988 இல் வந்தது. பாரிஸ்–டக்கார் ஓட்டத்தில் 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்கு முறை வென்ற வண்டியின் புகழில் பிறந்தது அது. ஆபிரிக்காவின் மணலில் வென்ற புகழை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். அமெரிக்காவில் அந்தப் பழைய வரிசை அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை. 2016 இல் புதிய ஆயிரம் சிசி ஆபிரிக்கா ட்வின் வரும்வரை அமெரிக்கர்கள் காத்திருந்தார்கள். பணமும் வீதியும் நிறைந்த நாட்டுக்கே இந்தக் கதி என்றால், ‘பணமில்லாததால் வரவில்லை’ என்ற நம் ஊர் விளக்கத்தை இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து பார்த்தால் வன்னி

இலங்கை போன்ற சிறிய சந்தையில் தயாரிப்பாளர் நேரடியாக முடிவெடுப்பது குறைவு. தலைமையகம் ஒரு பட்டியலை நீட்டுகிறது. அதிலிருந்து எடுப்பவர் உள்ளூர் முகவர். இறக்குமதிப் பணத்துக்கு வங்கி உறுதி தரும் நாணயக் கடிதம் திறப்பதும், வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துவதும், விற்காவிட்டால் வட்டியைச் சுமப்பதும் அவர்தான். ஆகவே அவருடைய பயம்தான் நம்முடைய காட்சியறையின் எல்லை.

அந்த முகவரின் மேசையிலிருந்து வன்னியைப் பார்ப்போம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் ஏறக்குறைய 1,13,000 பேர்; முல்லைத்தீவில் ஏறக்குறைய 92,000 பேர். பெருநிலம், சிதறிய குடிகள். இங்கே ஒரு மாதிரியை இறக்கினால் அதற்கான கிளச் தட்டும் பிரேக் கட்டையும் செயினும் கிளிநொச்சியில் இருக்கவேண்டும். ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் உள்ள கராஜ்காரருக்கு அதைக் கழற்றிப் பூட்டத் தெரியவேண்டும். நூறு சிசி வண்டிக்கு இது எல்லாம் இருக்கிறது. சந்திக் கடையில்கூட உதிரிப்பாகம் தொங்குகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபின் காபரேட்டர் போய் மின்னணு எரிபொருள் செலுத்தி வந்துவிட்டது. நெடும்பயண மாதிரிகளில் அதற்கு மேல், பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும், கம்பி இழுக்காமல் மின்சமிக்ஞையில் இயங்கும் திறொட்டிலும் இருக்கின்றன. இவற்றில் ஒரு சென்சர் பழுதானால் கணினி பூட்டிப் பார்க்கவேண்டும். சாவியும் திருகியும் வைத்து முப்பது ஆண்டு தொழில் செய்த கைக்கு அங்கே வேலை நின்றுவிடுகிறது. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இதை வாங்குபவர் முன்கூட்டியே கணக்கிடுகிறார். அவர் கணக்கிடுவார் என்பதை முகவரும் கணக்கிடுகிறார்.

லீசிங் இன்னொரு வாசல். வன்னியில் புதிய மோட்டார் சைக்கிள் எடுப்பவர்களில் கையில் முழுக் காசோடு போகிறவர் சிலரே. மற்றவர்களுக்குத் தவணைதான் வழி. தவணை கொடுக்கும் நிறுவனம், கட்டத் தவறினால் பறித்து விற்கக்கூடிய வண்டியையே விரும்பும். பஜாஜ் சிடி100 அல்லது ஹீரோ ஸ்ப்ளெண்டர் என்றால் அடுத்த கிழமையே விற்கலாம். உயரமான சீற்றும் பெரிய தொட்டியும் உள்ள புதுவகை வண்டியை யார் வாங்குவார்? ஆகவே அதற்குக் கடன் குறைவு, முற்பணம் அதிகம். விற்பனை குறைகிறது. குறைந்த விற்பனை அடுத்த ஆண்டின் கொள்வனவுக் கட்டளையில் எதிரொலிக்கிறது. வன்னியில் நெடும்பயண வண்டிக்கு விருப்பம் இல்லை என்று ஒரு அறிக்கை சொன்னால், அது இந்தச் சுழலின் கடைசி வரியைத்தான் படிக்கிறது.

இவற்றின் மேல் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பழைய வண்டியின் விலை ஏறியதே தவிர, மக்கள் எதை விரும்புவார்கள் என்பதற்குச் சந்தையில் தடயமே இல்லை. இடையில் 2022 எரிபொருள் பஞ்சம். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் நூறு சிசி வண்டியில் அது 240 கிலோமீற்றர். லீற்றருக்கு 30 ஓடும் நானூறு சிசி வண்டியில் 120; கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்ப அதுவே போதாது. அந்த மாதங்களில் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் அதன்பின் வண்டி வாங்கும்போது முதலில் கேட்பது மைலேஜைத்தான். முகவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

இங்கே உண்மையில் நெடும்பயணம் போகிறவர்கள்

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. நிறுவனங்களின் பேச்சில் நெடும்பயணம் என்றால் விடுமுறை. ஓய்வு நாளில், விருப்பத்துக்காக, திரும்பி வரும் நாளை அறிந்து போவது. வன்னியில் தூரம் போகிறவர்கள் வேறு ஆட்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து விடியுமுன் பின்சீற்றில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு உட்கிராமங்களுக்குப் போகும் வியாபாரி, நெல் மூட்டையைக் குறுக்கே போட்டுக் குளக்கட்டு வழியே வரும் விவசாயி, துணுக்காய்ப் பாடசாலைக்கு நாள்தோறும் வெளியூரிலிருந்து வரும் ஆசிரியை. ஓராண்டில் இவர்கள் ஓடும் கிலோமீற்றரைக் கூட்டினால் வார இறுதிப் பயணியின் கணக்கு சிறிதாகிவிடும். ஏ9 வீதியிலிருந்து இறங்கிவிட்டால் கிறவல் வீதி. ஐப்பசி கார்த்திகை மழையில் சேறு, ஆடியில் செம்புழுதி. இவ்வளவும் நகரத்து வேலைக்குப் போய்வர வடிவமைத்த வண்டியில்.

இந்த மண்ணுக்கு வண்டியைத் தன் தேவைக்கு வளைத்துக்கொண்ட நீண்ட அனுபவம் உண்டு. வன்னியின் வீதிகளில் ஒரு காலம் ஓடிய எம்.டி.90, ஜப்பானில் தபால்காரர் கடிதம் கொண்டுபோவதற்காக ஹொண்டா செய்த வண்டி. இந்த நிலத்தை மனத்தில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை. எடை குறைவு, பின்னால் உறுதியான கரியர், எளிதில் சாகாத இயந்திரம். தபாலுக்குப் பொருந்தியது வயல் வீதிக்கும் பொருந்திவிட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உலகின் எந்த ஆலையும் சோதித்துப் பார்க்காத சோதனை அது.

அந்த அனுபவத்தை வைத்துப் பார்த்தால் வன்னிக்குத் தேவையான நெடும்பயண வண்டியின் உருவம் தெளிவாகவே தெரிகிறது. இயந்திரம் 150 முதல் 250 சிசி போதும். ஒரு தொட்டிப் பெற்றோலில் மன்னாருக்குப் போய்வரக்கூடிய கொள்ளளவு, கிறவலைத் தாங்கும் நீண்ட ஷொக் அப்சோபர், பெரிய முன்சில்லு, பெட்டி கட்டினாலும் மூட்டை கட்டினாலும் வளையாத கரியர், பற்றறி இறந்தாலும் உதைத்து இயக்கக் கிக்கர். சீற் உயரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். ரோயல் என்பீல்ட் 2016 இல் இறக்கிய ஹிமாலயனின் சீற் 800 மில்லிமீற்றர். 2023 இல் வந்த ஹிமாலயன் 450 இல் அது 825. எடை இருநூறு கிலோவைத் தொடுகிறது. போருக்குப் பின் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் மிகுந்த பகுதி இது. இங்கே பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது புதுமையோ பொழுதுபோக்கோ அல்ல. பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, சந்தைக்குப் போய், அலுவலகத்தில் கையெழுத்திட்டுத் திரும்பவேண்டிய வாழ்க்கை. கால் நிலத்தில் முழுதாக ஊன்றாத, சேற்றில் சாய்ந்தால் தனியே தூக்க முடியாத வண்டியை அவர்களுக்குப் பயண வண்டி என்று காட்டுவது அவர்களைப் பார்க்காமலே விற்பதாகும். அவர்கள் இப்போது ஸ்கூட்டி எடுக்கிறார்கள். சிறிய சில்லு கிறவல் பள்ளத்தில் இறங்கும்போது கை அதிர்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வண்டி இல்லை.

அத்தகைய வண்டியை நூற்றுக்கணக்கில் இறக்க முகவர் பயப்படுவது நியாயமே. அந்தப் பயத்துக்கு யமஹா ஒரு வழி காட்டியிருக்கிறது. எஃப்ஜேஆர்1300 என்ற நெடும்பயண வண்டி 2001 இல் ஐரோப்பாவுக்கு வந்தது. அமெரிக்காவில் விற்குமா என்று சந்தேகம் இருந்ததால், 2003 மாதிரிக்கு முற்பணம் கட்டி முன்பதிவு செய்தவர்களுக்கே வண்டி என்று அறிவித்தார்கள். பதிவுகள் வந்தன, வண்டி அந்தச் சந்தையில் நிலைத்து இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் விற்றது. வாங்குபவரின் விருப்பத்தை வண்டி வருமுன்பே எழுத்தில் காட்டிய முறை அது. வடக்கில் இதை மாவட்டச் செயலகங்களின் ஊழியர் சங்கங்களோ, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களோ, ஆசிரியர் சங்கங்களோ செய்யலாம். ஐம்பது பேர் ஒரே மாதிரியைக் கேட்டு எழுத்தில் நின்றால், முகவருக்கு அது விற்ற வண்டிக்குச் சமம். லீசிங் நிறுவனத்துக்கும் மீள்விற்பனைக்கு ஆள் இருப்பது தெரியும். கராஜ்காரருக்கும் கற்றுக்கொள்ளக் காரணம் கிடைக்கும்.

நேரமும் பொருத்தமாக இருக்கிறது. இந்தியா 2025 செப்டெம்பர் 22 முதல் 350 சிசி வரையான மோட்டார் சைக்கிள்களின் ஜிஎஸ்டியை 28 இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் சந்தை தன் கோட்டை 350 இல் வரைந்துவிட்டால், அங்குள்ள ஆலைகளின் புதிய பயண வண்டிகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரிசைகட்டும். இலங்கைக்கு வரும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பகுதி அதே ஆலைகளிலிருந்து வருகிறது. இந்தியாவை நினைத்துச் செய்யும் சிறிய பயண வண்டிகள் நமக்கு வேண்டிய அளவுக்குத் தாமாகவே நெருங்கி வரும். அவற்றில் எது ஏ9 வீதியேறி வன்னிக்கு வரும் என்பது, இறக்குமதி மீண்டும் திறந்த இந்த முதல் சில ஆண்டுகளில் முகவர்கள் எழுதும் கட்டளைகளில்தான் இருக்கிறது; அடுத்த பத்தாண்டுக்கு அவர்கள் புரட்டிப் பார்க்கப்போகும் விற்பனைக் கணக்கும் அதுதான்.